கொஞ்சம் பெருசாக்கிக் கொடேன்

என்கூட வேலை பார்க்கும் அக்காவை நினைத்தால் முதலில் அவர் கணினித் திரைதான் ஞாபகம் வருகிறது. புத்தூரில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், நோயாளிகளை அனுப்பும் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அவர் அனுப்பியவர்களின் ரிப்போர்ட்டுகள் அதில் புதியது முதலாவதாக இருக்கும்; அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. என் திரையில் அவை பொடிப்பொடியாக வரிசை கட்டி நிற்கும். அக்காவின் திரையில் ஒவ்வொன்றும் இட்லி அளவுக்கு இருக்கும். அப்படி ஆக்கிக் கொடுத்தது நான்தான். "இதக் கொஞ்சம் பெருசாக்கிக் கொடேன், பொடிசா இருந்தா எரிச்சலா வருது" என்று ஒருநாள் கேட்டார். வியூ மெனுவுக்குப் போய் மீடியம் என்பதை அழுத்தினேன். சில மாதங்களில் அது லார்ஜ் ஆனது. மழைக்காலம் வருவதற்குள் எக்ஸ்ட்ரா லார்ஜ். அதற்கு மேல் மெனுவில் ஒன்றும் இல்லை.

மற்றவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு மட்டும் பயம். ஏனென்றால் நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கம். சாயங்காலம் அக்காவின் ஸ்கூட்டியில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நான் வீடு திரும்ப வேண்டும். இட்லி அளவு ஃபோல்டரையே உற்றுப் பார்ப்பவர் காவிரிப் பாலத்தில் எதிரே வரும் பஸ்ஸை எப்படிப் பார்ப்பார்? "அக்கா, லாரி. அக்கா, ஆள் குறுக்க வராரு" என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தொடங்கி, பாலம் தாண்டி மாம்பழச்சாலை வரை சொல்லிக்கொண்டே வருவேன். "உன்னை ஏத்துனா ஹாரனே வேண்டாம்டி" என்று சிரிப்பார். டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள் என்றால் மட்டும் முகம் இறுகிவிடும். "கண்ணுல கோளாறுன்னா நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாங்க. எம் பொண்ணு இன்னும் காலேஜ்தான் படிக்கிறா" என்பார். கணவர் இல்லாத வீடு அது. அந்தச் சம்பளம்தான் எல்லாமே. மறுநாளும் பின் சீட்டில் ஏறி உட்காருவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது டாக்டர் எங்களுக்கு நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார். அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டேன். அகர வரிசைப்படி அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ள, பின்னால் இருந்தவை எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போயின. மறுநாள் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை நடத்தும் ஒரு பெரியவர், சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தவர், ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தார். "எனக்கு எட்டு மாசமாம். டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க" என்றார். கவுண்டரே சிரித்தது. நான் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "ஃபோல்டர்ல டாக்டர் பேரப் பார்க்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"பேர யாரு பார்க்குறா? அவரு ரெண்டாவது வரிசையில மூணாவதுதானே எப்பவும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. இத்தனை நாளாக அவர் எதையும் படிக்கவில்லை. இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அன்றைய தப்பு சிரிப்போடு போயிற்று. நாளைக்கு யாருக்கு எந்த ரிப்போர்ட் போகுமோ என்ற பயம் என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை, கெஞ்சாத குறையாக அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், ஆட்டோவில்.

சோதனை அறையிலேயே ஓர் ஓரமாக பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்து ஒவ்வொருவராக உரக்க வாசித்தார்கள். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முறை வந்தது. மேலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் சொன்னார். சோதிக்கும் பெண் மலர்ந்த முகத்தோடு, "பார்வை நல்லா இருக்கேங்க" என்று எழுதப் போனாள்.

அந்த உதடுகள் எதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேசாமல் இருந்தால் அவர் வேலை நிலைக்கும். ஆனால் திங்கட்கிழமை மறுபடியும் அந்த ஸ்கூட்டியில் ஏற வேண்டும். "வேற அட்டை இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் அட்டையை மாற்றினாள். அக்கா நெடுநேரம் சுவரையே பார்த்தார். "மேல ஒரே ஒரு எழுத்து தெரியுது" என்றார்.

கண் நரம்பு பாதித்திருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். முதலாளி அக்காவை வேலையிலிருந்து நீக்கவில்லை. போன் எடுக்கும் இடத்துக்கு மாற்றினார், சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. ஸ்கூட்டியை விற்றாயிற்று. இப்போது இருவரும் டவுன் பஸ்ஸில் வருகிறோம். போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "அன்னைக்கு நீ வாயத் தொறக்கலேன்னா நான் பாஸாகியிருப்பேன்டி" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். பாலத்தில் எதிரே லாரி ஏதும் வருகிறதா என்று பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன்.