செல் பார்க்க வந்த அக்கா

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்குத் தூசு தேவைப்பட்டது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் மனித நுரையீரல் செல்களில் உள்ள புரதங்களை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆய்வு. படித்த கட்டுரைகளில் எல்லாம் பெருநகரத்துப் புகையே இருந்தது. எங்கள் பக்கத்துக் காற்றில் கலப்பது உமிச் சாம்பலும் தவிட்டுத் தூசும்தானே, அதையே எடுத்துப் பார்ப்போம் என்று மன்னார்குடிக்கு அருகே ஒரு புழுங்கல் அரிசி ஆலைக்குப் போனேன்.

முதலாளி என்னை வாசலிலேயே நிறுத்தினார். "மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?"

"இல்லீங்க சார், படிக்கிறேன்."

நான் நீட்டிய பல்கலைக்கழகக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

நான் கொண்டுபோனது காற்றை உறிஞ்சி அதிலுள்ள தூசை வடிதாளில் பிடிக்கும் கருவி. தண்ணீர்க் குடம் அளவுதான் இருக்கும். நெல் காயும் களத்தோரம் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். அங்கே காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் போய்த் திறந்தால் வடிதாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மோட்டார் போய்விட்டது என்று கலங்கிப்போனேன். மூன்றாம் நாள் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே போனேன். கருவியின் தலையில் ஈரத் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

"தூசி பூந்து மிஷின் கெட்டுப் போயிடும்ல? நீங்க வர்ற நேரத்துக்கு அவுத்துருவேன். பாத்துக்கச் சொன்னீங்கள்ல?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூசு பிடிக்கத்தான் கருவியே என்று சொன்னதும் களமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தத் தூசிய வச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"நுரையீரல் செல் மேல போட்டுப் பாப்பேன்."

"நான் வந்து பாக்கலாமா?"

பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வடிதாள்கள் கறுத்து, செல்களின் மேல் தூசைச் சேர்த்துச் சோதித்து முடித்த சமயத்தில், தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "இது யாரோட நுரையீரல்?"

இத்தனை நாளில் எனக்கே தோன்றாத கேள்வி. "எப்பவோ ஒருத்தர்கிட்ட எடுத்ததுக்கா. அதையே வளத்து வளத்து வச்சிருக்கோம். பேரு தெரியாது."

"யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

சோதனைப் படத்தில், தூசு படாத செல்லுக்கு ஒன்று, பட்ட செல்லுக்கு ஒன்று என இரண்டு கோடுகளைக் காட்டினேன். புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தூசு பட்டதும் சில புரதங்களின் மடிப்பு குலைகிறது. அதைச் சரிசெய்ய வேறு சில புரதங்கள் அதிகமாக உருவாகின்றன. தூசு பட்ட செல்லில் அப்படிச் சரிசெய்யும் புரதத்தின் கோடுதான் தடித்திருக்கிறது என்றேன்.

"அப்ப அது நல்லதுதானே? ரிப்பேர் நடக்குதுல்ல?"

"நடக்குதுக்கா. ஆனா தெனமும் தூசி வந்துக்கிட்டே இருந்தா அதுக்கும் முடியாமப் போயிடும்."

அக்கா செல்போனில் அந்தக் கோடுகளைப் படமெடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை முதலாளியே எனக்குப் போனில் சொன்னார். உமிச் சாம்பலை இனிக் களத்தோரம் கொட்டக் கூடாது என்று களத்துப் பெண்கள் எல்லோரும் அவர் மேசை முன்னால் வந்து நின்றார்களாம். அக்கா செல்போனை நீட்டி, "சார், நீங்களும் இதே காத்தத்தான் இழுக்குறீங்க" என்றாராம். "என்னம்மா, எனக்கும் அந்தக் கோடு தடிச்சிருக்குமா?" என்று அவர் என்னிடம் கேட்டபோது குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

அடுத்த முறை போனபோது களத்தோரம் கொட்டிவந்த சாம்பல் ஆலைக்குப் பின்புறம் போயிருந்தது. அங்கே அது பறக்காமலிருக்க அக்கா ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கிட்டே போனதும் என் செருப்பையும் சேர்த்து நனைத்துவிட்டு, "தள்ளி நில்லுங்க டீச்சர்" என்றார் சிரித்துக்கொண்டே.