வள்ளத்தின் வலது பக்கம்

ரீகன் செய்த ஸ்டூலை என் மனைவியே கடையில் வாங்கி வந்த அன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. தூத்துக்குடியில் பட்டறை வைத்து மரவேலை செய்கிறவன் நான். ரீகன் என்னிடம் வேலை பார்த்தவன். தனியாகப் போன பிறகு, கரையில் ஒதுங்கும் கட்டைகளையும் உடைந்த வள்ளத்துப் பலகைகளையும் பொறுக்கி மேசை, நாற்காலி, கொக்கு, ஆமை என்று செய்தான். புழு அரித்த ஓட்டையைக்கூட அடைக்க மாட்டான். அதற்குத்தான் ஆட்கள் கார் போட்டு வந்தார்கள்.

"ஏளா, நான் செய்யாத ஸ்டூலா?" என்றேன்.

"நீங்க செஞ்சது எல்லா வீட்லயும் கெடக்கு. இது கடல்ல கெடந்ததுல்லா" என்றாள்.

பிறகு புது ஓட்டல் முதலாளி ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பழைய வள்ளத்துப் பலகையில ஆளுக்கு ஒரு மேசை செஞ்சி கொண்டாங்க. எது நல்லாருக்கோ அவருக்குத்தான் மொத்த ஆர்டரும்" என்றார். எனக்கு ஆர்டரைவிட ரீகன் தோற்பதுதான் முக்கியமாக இருந்தது.

கீழவைப்பாரில் சூசை அண்ணாச்சி கடலில் முங்கிச் சங்கெடுக்கப் போன தன் பழைய வள்ளத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். இடது பக்கத்துப் பலகைகளை ரீகன் எடுத்துக்கொண்டான். வலது பக்கத்தை நான் வாங்கினேன்.

பட்டறைக்கு வந்ததும் கை சும்மா இருக்குமா? உப்பேறிக் கறுத்த மேல்பரப்பை இழைப்புளி போட்டுச் சீவினேன். ஆணி ஓட்டைகளில் பட்டி வைத்தேன். விளிம்பில் வரிசையாக இருந்த பள்ளங்களையும் விடவில்லை. உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் ஏற்றியதும் மேசையில் முகம் தெரிந்தது. மூட்டுகளில் நூல் நுழையாது. ரீகனுக்கு அப்படி மூட்டுப் போட வராது, இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு மேசைகளையும் ஓட்டலில் இறக்கிய அன்று, போட்டோ எடுப்பதற்காக முதலாளி சூசை அண்ணாச்சியையும் வரவழைத்திருந்தார். அவர் நேராக ரீகன் மேசைக்குப் போய், விளிம்பில் இருந்த பள்ளத்தில் விரலை வைத்தார்.

"கயிறு ஓடி ஓடித் தேஞ்ச எடம் இது. எந்தம்பி இந்தப் பக்கந்தான் முங்குவான். நான் கயித்தப் பிடிச்சிட்டு நிப்பேன்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "வலது பக்கம் எம்மவன் முங்குன பக்கம்லா. அவன் குவைத்துக்குப் போயிட்டான். அந்தப் பலகை எங்க?"

கேட்கும்போது அவர் கை என் மேசைமேல்தான் ஊன்றியிருந்தது. ரீகனுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுதான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினார். "நல்லா வழுவழுன்னு இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ரீகன் மேசைக்கே போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய பலகை வாங்கினால், எந்தத் தேய்மானம் எதனால் வந்தது என்று விற்றவரிடம் கேட்ட பிறகே இழைப்புளியைத் தொடுங்கள். இப்போது நான் கேட்கிறேன். ரீகன்மேல் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. ஆர்டர் அவனுக்குப் போனதுகூட ஆறிவிட்டது. அந்தப் பெரியவரின் விரல் என் மேசையில் ஓர் இடத்திலும் நிற்காமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.