அப்பாவுக்குக் கடுமை என்று வந்த தந்தி

சிவராசா தண்ணீரிலிருந்து ஏறி உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோதுதான் தந்தி வந்தது. "அப்பாவுக்குக் கடுமை. உடனே புறப்படு." ஊரான காரைநகரிலிருந்து அவனுடைய அக்கா அடித்திருந்தா.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எசன் நகருக்குத் தெற்கே ஓர் அணைக்கட்டில் அடிக்கதவுகளைப் பழுதுபார்க்கும் வேலை. சிவராசா காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கும் சுழியோடி. யார் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று மேலே நின்று லொக் புத்தகத்தில் எழுதுபவன் நான். 'காமர்' என்று நாங்கள் சொல்லும் அழுத்த அறைக்கும் நானே பொறுப்பு. அந்தத் தளத்தில் நாங்கள் இரண்டே இரண்டு தமிழர்.

மேலாளர் இரக்கமான மனிதர். உடனே போன் எடுத்து, பிராங்பேர்ட்டிலிருந்து அன்றிரவு விமானத்தில் இடம் பிடித்துவிட்டார். ஆனால் சிவா அன்று இரண்டு தடவை முப்பது மீற்றர் வரை இறங்கியவன். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், மேலே அழுத்தம் குறைய, மூடி திறந்த சோடாப் போத்தல்போல உள்ளுக்குள் குமிழி கிளம்பும். மூட்டில் வந்தால் வலி. முதுகுத்தண்டில் வந்தால் கால் வழங்காது. கடைசியாக இறங்கியபின் ஒரு நாள் பறக்கக்கூடாது என்பது எங்கள் தளத்தின் விதி.

"ஒரு நாள் பொறு, சிவா."

"ஏலாது அண்ணை. உயிரோட ஒருக்கா முகம் பாக்கவேணும். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை, போறன்."

என்ன சொல்லியும் காதில் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிவிட்டான். அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

"எங்கட சனம் தந்தி அடிக்கிற விதம் உனக்குத் தெரியாதே? செத்தவரைச் செத்தவர் எண்டு ஆர் எழுதுறது? எல்லாம் முடிஞ்சிருக்கும். நாளைக்குப் போனாலும் ஒண்டுதான்."

பெட்டியின் மேலேயே இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு, ஆள் நின்றுவிட்டானே என்று ஓர் ஆறுதல்.

பின்னேரம் தோள்மூட்டு குத்துகிறது என்றான். காமருக்குள் ஏற்றி அழுத்தத்தைக் கூட்டி, மணிக்கணக்காக மெல்ல மெல்லக் குறைத்தேன். வலி போய்விட்டது. ஆனால் டொக்டர் இன்னும் மூன்று நாள் பறக்கவேண்டாம் என்றுவிட்டார். "பிந்தும். கொள்ளியைத் தம்பி வைக்கட்டும்" என்று அவன் பெயரில் ஊருக்குத் தந்தி எழுதியதும் நான்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊருக்குப் போய் ஒரு மாதத்தால் திரும்பி வந்தான். கன்டீனில் என் முன்னால் வந்து இருந்தான்.

"நீங்கள் மறிச்சது சரி அண்ணை. ஏறியிருந்தால் இண்டைக்கு நான் இல்லை. ஆனா அப்பா அண்டைக்கு உயிரோடதான் இருந்தவர். பிறகும் மூண்டு நாள் இருந்தவர்."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்கட தந்தி போய்ச் சேரேக்கை அப்பாவுக்கு நல்ல நினைவு. 'சிவா என்ன எழுதியிருக்கிறான், வாசி' எண்டு கேட்டவராம். 'வாறானாம்' எண்டு அக்கா சொல்லிப்போட்டா. கடைசி மட்டும் வாசலைப் பாத்தபடி கிடந்தவராம்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகும் எத்தனையோ பேரை விமானம் ஏறவிடாமல் மறித்திருக்கிறேன். ஏசினார்கள், ஒருவன் அடிக்கவும் வந்தான். லொக் புத்தகத்தைத் திறந்து காட்டுவேன், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். சிவாவை மறிக்க, அந்தப் புத்தகத்தை மேலாளரிடம் காட்டியிருந்தாலே போதும், பயணத்தை அவரே நிறுத்தியிருப்பார். அவனுடைய அப்பாவை நான் சாகடித்திருக்கத் தேவையில்லை.