மூன்று சுரப் பாட்டு

வானொலியில் அந்தப் பாட்டுத் தொடங்கியதும் தவச்செல்வன் தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிடுவார். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து உணவகமொன்றின் சமையலறையில் நின்று, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவுவார். பாட்டு முடிந்தால்தான் குழாய் மூடும்.

பாடியவன் வேர்னர். 1985 வரை அதே உணவகத்தில் சாப்பாடு பரிமாறியவன். கௌபாய் தொப்பியும் கூர்முனைச் சப்பாத்துமாக வேலைக்கு வருவான். ஓய்வு கிடைத்தால் கிற்றாரும் கையுமாக அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டுத்தான். சின்ன வயதில் ஆற்றில் குதித்த ஒரு கோடையையும், ஈரத்தலையோடு சைக்கிளில் போன ஒருத்தியையும் நினைத்து அவன் கட்டிய அந்த ஒரு பாட்டு, 1985 கோடையில் நாடு முழுவதும் ஒலித்தது.

தவச்செல்வனும் பாடகர்தான். அகதியாக வருவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் இசைக்குழுவோடு மேடை மேடையாகப் பாடியவர். "உவன் மேல்சுரத்துக்குப் போனா ஆட்டுக்குரல்" என்று வேர்னரைச் சொல்வார். ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. பாட்டின் நடுவே நீண்ட இழுப்பொன்று வரும். கேட்பவர்கள் உருகுவது அங்கேதான். பாட்டைக் கட்டிய நாட்களில் அங்கே மூச்சுப் போதாமல் வேர்னர் தடுமாறியபோது, மொழி தெரியாமலே, வயிற்றில் கைவைத்து மூச்செடுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் இவர்.

மனைவி தனலட்சுமி இஸ்திரிப்பெட்டியால் சட்டை அழுத்தும்போது அந்தப் பாட்டையே முணுமுணுப்பாள்.

"உதில என்ன கிடக்கு? மூண்டு சுரம்."

"மூண்டு சுரத்தில என்னை அழப்பண்ணிப்போட்டான். நீங்கள் எத்தினை சுரத்தில பாடினனீங்கள்?"

அன்று அவர் சாப்பிடாமலே படுத்தார். வேர்னரின் அடுத்த இரண்டு இசைத்தட்டுகளும் எடுபடவில்லை என்று கேள்விப்பட்ட நாளிலோ, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார்.

1988 கோடையில் வேர்னர் பழைய உணவகத்தின் தோட்டத்தில் பாட வந்தான். உடம்பு பருத்திருந்தது. நேரே சமையலறைக்குள் வந்து தவச்செல்வனைக் கட்டிப்பிடித்தான். கணவன் மனைவி இருவருக்கும் முன்வரிசையில் இடம் சொல்லிவிட்டு, கூடச் சேர்ந்து பாட வருமாறும் கேட்டான். தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னார் தவச்செல்வன்.

ஞாயிறு பின்னேரம் அந்தப் பாட்டுக்கு வந்தபோது வேர்னருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது. இழுப்பின் பாதியில் மூச்சு அறுந்தது. தவச்செல்வனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அதுவும் ஒரு கணம்தான். அவன் விட்ட இடத்திலிருந்து தோட்டம் முழுவதும் அந்த இழுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் முடித்துவைத்தது. வேர்னர் வாய்திறக்காமல் நின்று கண்ணைத் துடைத்தான். கைதட்டல் அடங்கவே இல்லை.

தனலட்சுமியும் தட்டினாள். தவச்செல்வன் முகத்தைத் திருப்பாமலே அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.