சவரியம்மாள் டீச்சரின் காலைக் கேள்விகள்

சவரியம்மாள் டீச்சர் காலமான செய்தி அஞ்சலட்டையில் வந்தபோது, அடக்கம் முடிந்து நான்கு நாட்களாகியிருந்தன. அவருடைய தம்பி இரண்டே வரிகளில் எழுதியிருந்தார். கல்லல் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்புக்கும் நான் நான்காம் வகுப்புக்கும் ஆசிரியைகளாக ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அங்கே அவரை அறிந்தவர்களுக்கு அவரது காலைக் கேள்விகள் மறந்திருக்காது.

பிள்ளைகள் வரலாற்றை வெறும் வருடங்களாக ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதே தேதியில் முன்பு எப்போதோ நடந்த ஒன்றைத் தினமும் கரும்பலகையில் எழுதி, கீழே ஒரு கேள்வி போடுவார். ஐந்து வரியில் பதில் வேண்டும். உப்புக்காக நடைப்பயணம் தொடங்கிய நாளில், "நீ வெகுதூரம் நடந்தது எதற்காக?" என்று கேட்டார். காணாமற்போன மாட்டைத் தேடி மூன்று ஊர் நடந்ததை ஒருவன் இருபது வரி எழுதினான். "அஞ்சு வரிதானப்பா கேட்டேன்" என்றவர், பின்பக்கத்தையும் விடாமல் வாசித்தார்.

அறுபத்தெட்டாம் வருடமாக இருக்கலாம். தொலைபேசியில் முதன்முதலாகக் குரல் கேட்ட நாள். "நீ யாரிடம் பேசுவாய்?" என்பது கேள்வி. வள்ளிமயில் என்ற சிறுமி எழுதியிருந்தாள்: "மலாயாவில் இருக்கும் அப்பாவிடம் பேசுவேன். பொங்கலுக்கு வருவீர்கள் என்று அம்மா சொல்கிறது. எந்தப் பொங்கலுக்கு என்று கேட்பேன்."

அந்தத் தாளை டீச்சரின் மேசையிலிருந்து எடுத்து, ஆசிரியர்களுக்கு முன்னால் சிரித்தபடி உரக்க வாசித்தவள் நான்.

மறுநாளே அவள் தாய் வந்துவிட்டார். "எங்க வீட்டுச் சங்கதி ஊரெல்லாம் சிரிக்குது. இதுக்கா பிள்ளைய அனுப்புனேன்?" தலைமையாசிரியர் முன் நான் டீச்சருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என்கிட்ட இருந்த தாளு. தப்பு என்னோடதுதான்" என்றார்.

கொஞ்சம் தணிந்த தாய், "அப்படி என்னதான் எழுதிருக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார்.

"அவ எழுதுனத அவளே சொல்லட்டும்மா."

வள்ளிமயில் வந்து தாயின் முகத்தைப் பார்க்காமல் வாசித்தாள். தாய் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, "இந்தத் தாளக் குடுங்க. அவுகளுக்கே அனுப்புறேன்" என்றார். கணவரின் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து மலாயா விலாசத்தை டீச்சர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் பெயருக்குப் பதில் வந்தது. வள்ளிமயிலின் அப்பா ஓராண்டாகக் காசநோய் மருத்துவமனையில் இருந்தார்; வீட்டுக்கு மறைத்திருந்தார். பிள்ளை இப்படிக் கேட்ட பிறகு பொய் எழுதக் கை வரவில்லை என்று எழுதியிருந்தார். தாய்மாமன் கப்பலேறிப் போய் அழைத்து வந்தார். மெலிந்துதான் வந்தார். ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் டீச்சரிடம் என் குற்றத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வந்தது.

"தெரியும். நீங்க வாசிச்சது என் வகுப்பு வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "நல்லபடியா முடிஞ்சதுங்கிறதுக்காக அது சரியாகிடாது டீச்சர். பிள்ளைக நம்மள நம்பி எழுதுறாக."

அதன் பிறகும் என்னோடு அமர்ந்தே சாப்பிட்டார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். எந்தப் பிள்ளையின் நோட்டைத் திறக்கும் முன்பும், "வாசிக்கலாமா?" என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால் மூடிக் கொடுத்துவிடுகிறேன்.