இன்ஸாஃப் கொண்டுபோன கூடை

என் தம்பி ரிஃபாத்தை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்த அன்றைக்கே அவன் 'டாக்டர்' ஆகிவிட்டான். காய்கறிக்காரன், இஸ்திரிக்காரன், எல்லோருக்கும் டாக்டர்தான். ஆராய்ச்சியை முடித்து முனைவர் பட்டம் வாங்கிவிட்டானா என்று கேட்க யாருக்கு நேரம்? அவன் மனைவி இன்ஸாஃபுக்கும் அதில் உள்ளம் குளிர்ந்துதான் இருந்தது. நைல் கால்வாய் ஓரத்து வயல்காட்டு ஊரிலிருந்து டாக்டர் வீட்டு மருமகளாக வந்தவள், அவளைக் குறை சொல்லி என்ன செய்ய?

எங்கள் அப்பா கட்டிய கட்டடத்தில் நான் கீழ்வீடு, அவனும் இன்ஸாஃபும் அவர்கள் மகளும் மேல்வீடு. மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். அதனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

ரிஃபாத்தின் ஆராய்ச்சி உப்பேறிய மண்ணில் நெல் விளைவதைப் பற்றியது. கடலோர ஊர்களிலிருந்து மண்ணை அள்ளிவந்து பால்கனி முழுக்க ஜாடி ஜாடியாக அடுக்கியிருந்தான். துணி காயப்போட இடமில்லை. வருஷங்கள் ஓடியும் ஆராய்ச்சி முடியவில்லை. கெடுவுக்குள் முடிக்காதவனைப் பாடம் நடத்த விடமாட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஓர் அலுவலக மேசையில் குமாஸ்தாவாக உட்காரவைத்துவிடுவார்கள். நேற்றுவரை அவனைக் கண்டால் எழுந்து நின்ற பிள்ளைகள், நாளைக்கு வரிசையில் நின்று அவனிடம் முத்திரை கேட்பார்கள். இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கிடைக்க வேண்டுமானால் அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் நபவீ, பரிந்துரைக்க வேண்டும். அவரோ "பார்ப்போம்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத மனுஷன்.

அதை முடிவுசெய்யும் குழு கூடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, இன்ஸாஃப் புருஷனிடம் சொல்லாமல் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அடுக்கடுக்காக நெய் தடவிச் சுட்ட ரொட்டி, ஒரு டப்பா எருமை நெய், அரிசி அடைத்த புறாக்கள், கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு உயிரோடு ஒரு வாத்து. எல்லாவற்றையும் பெரிய ஓலைக்கூடையில் வைத்து வேனில் ஏற்றி, நேரே நபவீ வீட்டு வாசலில் போய் இறங்கினாள். பெரிய மனிதரிடம் ஒரு காரியமாகப் போகும்போது கையை வீசிக்கொண்டு போவது அவர்கள் ஊரில் அவமரியாதை. மருத்துவரானாலும் நீதிபதியானாலும் கூடைதான் முதலில் படியேறும்.

நபவீயின் மனைவி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். டீ வேறு கொடுத்தாளாம். ஆனால் நபவீ அப்போது டீன் பதவிக்கு முயன்றுகொண்டிருந்தார். மாணவர்களிடம் கைநீட்டி வாங்குகிறார் என்று அவரைப் பிடிக்காதவர்கள் ஏற்கெனவே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பியூன் அந்தக் கூடையைக் கொண்டுவந்து, ஆசிரியர்கள் கூடியிருந்த அறையில் நடுமேசையில் வைத்தான்.

"டாக்டர் ரிஃபாத் வீட்டுச் சாமானுங்க. பேராசிரியர் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு."

நெய் கசிந்து மேசை விரிப்பெல்லாம் ஊறியது. வாத்து எந்த வருஷத்து மாணவி என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். மதியத்துக்குள் நபவீ வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அந்த வாரமே தம்பியை மாணவர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கூடையோடு அவன் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தேன். இன்றைக்கு இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான் என்று பயந்து மேலே ஓடினேன். அவன் கூடையைச் சமையலறையில் இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழாத, இன்ஸாஃப். உன்மேல தப்பில்ல. என் ஆராய்ச்சிதான் குப்பை. அந்த மனுஷன் என்னைத் தள்ளிவிட ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தாரு. உன் வாத்து கிடைச்சுது, அவ்வளவுதான்."

பிறகு அவன் படுக்கையில் விழுந்தான். தாடி வளர்ந்தது. ஜாடி மண்ணையெல்லாம் பக்கத்துக் காலிமனையில் கொட்டினான். புது வேலையில் சேர மறுத்தான். சேராவிட்டால் ஒரேயடியாக நீக்கிவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள், அதற்கும் அசையவில்லை. இன்ஸாஃபிடம் மட்டும் முன்னைவிடப் பிரியமாக இருந்தான். அவள் தட்டை நீட்டினால், "போயும் போயும் ஒரு குப்பையைக் கட்டிக்கிட்டியே" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வான்.

ஒருநாள் இன்ஸாஃப் மறுபடியும் நபவீயைப் பார்க்கப் போனாள். இந்தத் தடவை வெறுங்கையோடு. திரும்பி வந்தவள் மேலே போகாமல் என் சமையலறைக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, ஒரு வருஷம் குடுக்கணும்னு அவரு துறைத்தலைவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாராம்."

"முன்னாடியேன்னா எப்போ?"

"வியாழக்கிழமை. நான் கூடையத் தூக்கிட்டுப் போனதுக்கு முந்தின நாள்."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆராய்ச்சி நல்லா இருக்குதாம், மதினி. மண்ணைக் கழுவற முறை பத்தி ஒரு பகுதி எழுதியிருக்காருல்ல, அந்த மாதிரி இங்க யாரும் செஞ்சதில்லையாம். 'நான் என்ன பண்ண முடியும் மகளே, வாத்துக் கழுத்தை வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் பாத்துட்டாங்க'ங்கறாரு."

"இங்க பாரு," என்றேன். "வாயத் தைச்சுக்கோ. இது உன்னோடயும் என்னோடயும் மண்ணுக்குள்ள போகட்டும்."

"அவரு தன்னைக் குப்பைன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்கறாரே."

"கிடக்கட்டும்! உன்னைத் தலையில வச்சுத் தாங்கறான் இல்ல? இதச் சொன்னேன்னு வை, சாகறவரைக்கும் உன்னை மன்னிக்க மாட்டான். என் தம்பியப் பத்தி எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும், மதினி."

எழுந்து மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. வியாழக்கிழமையைக்கூட விட்டுவிடாமல் சொன்னாள். ரிஃபாத் எழுந்து உட்கார்ந்தான்.

"மண்ணைக் கழுவற பகுதியா? என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் சொன்னாள். அவன் முகத்தில் வேலை கிடைத்த நாளில் இருந்த வெளிச்சம். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான், வீடு தவறி வந்துவிட்ட யாரையோ பார்ப்பதுபோல. எழுந்து சவரம் செய்துகொள்ளப் போனான்.

மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டான். ஜன்னலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டே மண்ணைப் பற்றி வகுப்பெடுக்கிறானாம். அவனைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை. வீட்டில் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான். என்னிடம் பேசுகிறான், மகளிடம் பேசுகிறான். இன்ஸாஃபிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒருமுறை செருப்பைக்கூட எறிந்தேன். சிரித்துக்கொண்டே எடுத்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். வருஷங்களாக இப்படியேதான் இருக்கிறார்கள்.

போன வாரம் நானும் அவளும் பால்கனியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் வேலைக்குக் கிளம்பித் தெருவில் இறங்கினான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கல்நெஞ்சன், நன்றி கெட்டவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்ஸாஃப் கையிலிருந்த அவரையைக் கீழே வைத்தாள்.

"திட்டாதீங்க, மதினி. எப்படி நிமிர்ந்து நடக்கறாரு, பாருங்க."

அவன் தெருமுக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.