கூரைமேல் போன பல் செட்

என் மாமாவின் புதுப் பல் செட்டைக் கூரைமேல் எறிந்தவள் நான்தான். இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் தட்டில் முறுக்கு வந்துவிட்டால் போதும், யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அப்போது ஏழு வயது.

மாமா, அம்மாவின் தம்பி, கடலூர் - சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பத்தைந்து வயதுக்குள் ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுக்கும்படி ஆயிற்று. சிதம்பரத்தில் பல் செட் கட்டிக்கொண்டு, பழகும்வரை கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் தங்கினார். போட்டுக்கொண்டே இருந்தால்தான் பழகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா கேட்டால்தானே.

"வாய்க்குள்ள செருப்பப் போட்ட மாதிரி இருக்குக்கா. இந்தச் சனியன் எனக்கு வேணாம்" என்று டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சிக்கல் விசிலில்தான். பொக்கை வாயில் விசில் நிற்காது; செட்டைப் போட்டுக் கவ்வி ஊதினால் மேல் பல் கழன்று விசிலோடு வந்துவிடும். திங்கட்கிழமைக்குள் ஊத முடியாவிட்டால் ஷெட்டில் உட்கார்ந்து பஸ் கழுவுவதைப் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் படிக்கட்டில் நின்றவர் மாமா. சோறுகூட இறங்காமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மாதம் எனக்கும் முன்பல் இரண்டு விழுந்திருந்தன. வழக்கப்படி சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தேன்; ஒன்று முளைக்கவும் தொடங்கிவிட்டது. மாமாவிடம் விசாரித்தால், அவர் பல்லையெல்லாம் டாக்டர் குப்பையில் போட்டுவிட்டாராம். பிறகு எப்படி முளைக்கும்? இவ்வளவு படித்த டாக்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமா குளிக்கப் போனதும், பக்கத்து வீட்டு மாட்டுச் சாணியில் செட்டை வைத்து உருட்டி ஓட்டுமேல் எறிந்தேன்.

குளித்து வந்தவர் காலி டம்ளரைப் பார்த்தார். நான் பெருமையோடு விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ, என் பல்லு" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சனியன் போய் அது அவர் பல் ஆனது அந்த நிமிஷம்தான்; நான் கவனிக்கவில்லை. ஈர வேட்டியோடு ஏணி வைத்து ஏறி ஓடு ஓடாகத் தடவினார்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் மச்சான், எறங்கி வாங்க" என்று அப்பா கீழேயிருந்து சொன்னதும் மாமா அங்கேயே குந்தி அழுதுவிட்டார். அழுதபடியே தடவியதில், முகட்டோரம் ஒரு ஓட்டுச் சந்தில் அகப்பட்டது.

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி வாயில் வைத்தவர், அன்று பொழுது சாயும்வரை எடுக்கவில்லை. என்மேல் அவ்வளவு பயம். கொல்லையில் நின்று, விசிலைக் கவ்வாமல் உதட்டால் பிடித்து ஊதி ஊதிப் பார்த்தார். எனக்கு அடி விழவில்லை.

மறுநாள் காலை அம்மாவும் நானும் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். "புவனகிரி, சிதம்பரம்லாம் ஏறு" என்று மாமா வாய்விட்டுக் கூப்பிட்டார். 'சிதம்பரம்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் காற்று கலந்து வந்தது. படியில் ஏறி விசிலை உதட்டில் வைத்தார். இரண்டு விசில். பஸ் நகர்ந்தது, பல் அதன் இடத்திலேயே இருந்தது.

"பாத்தியாம்மா, கூரையில போட்டதாலதான்" என்றேன்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.